தைராய்டு அறுவை சிகிச்சை: அன்று மாலையே வீடு திரும்பலாமா?
வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

தைராய்டு அறுவை சிகிச்சை முடிந்த அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடும் வழக்கம் கோவை, ஈரோடு, திருப்பூர் வட்டாரங்களிலும் பேசப்படத் தொடங்கியிருப்பதால், அதைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: என் மனைவிக்கு வயது 43. கழுத்தின் இரு பக்கமும் கட்டிகள் இருப்பதால் தைராய்டுச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிட வேண்டும் என்று கோவையில் ஒரு மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள். காலையில் அறுவை சிகிச்சை செய்தால் மாலையிலேயே டிஸ்சார்ஜ் ஆகிவிடலாம், இரவு தங்கினால் வீண் செலவு என்கிறார்கள். நாங்கள் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கிராமத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர், அங்கெல்லாம் இதுதான் வழக்கம் என்று சொல்கிறார். என் தாயாரோ, கழுத்தில் கத்தி வைத்தவளை அன்றைக்கே காரில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வருவீர்களா என்று கோபித்துக்கொள்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு வாசகர், கோபி வட்டாரம்

பதில்: உங்கள் தாயாரின் பக்கமே நான் நிற்கிறேன்; ஆனால் உங்கள் மைத்துனர் சொல்வதும் பொய்யன்று என்பதால் காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தகுந்த நோயாளிகளைத் தேர்ந்தெடுத்து, உரிய முன்னெச்சரிக்கையோடு அன்றே அனுப்பலாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2013-இல் வெளியிட்ட அறிக்கை ஏற்றுக்கொண்டது. அதே அறிக்கை, யாரை அப்படி அனுப்பத் தயங்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்திருக்கிறது: மருத்துவமனையிலிருந்து வெகு தொலைவில் வசிப்பவர்கள், வீட்டில் துணையில்லாதவர்கள், அவசரத்துக்கு வண்டி கிடைக்காதவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவர்கள், மார்புக்கூட்டுக்குள் இறங்கிய பெரிய கழலை உள்ளவர்கள் ஆகியோர் அதில் அடங்குவர். இன்னொரு செய்தியையும் உங்கள் மைத்துனரிடம் சொல்லலாம். அந்நாட்டு ஆய்வுகள் பலவற்றில், ஓர் இரவைக் கழித்து 23 மணி நேரத்துக்குள் வீடு திரும்பியவர்களும் வெளிநோயாளிகள் என்ற கணக்கிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பிரிட்டனில் இத்துறை அறுவை மருத்துவர்களிடமிருந்து 2012-இல் வந்த கருத்துரை, அன்றே அனுப்புவதன் பாதுகாப்பை ஐயத்துடன் பார்த்து, 23 மணி நேரத் தங்கலையே ஏற்ற வழியாகக் கண்டது. ஆக, வெளிநாட்டிலும் இது முடிந்துபோன விவாதம் அன்று.

விவாதத்தின் மையத்தில் இருப்பது, அறுவை நடந்த இடத்தில் பிறகு ஏற்படும் ரத்தக் கசிவு. நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கே அது நேர்கிறது. தைராய்டு ரத்த ஓட்டம் மிகுந்த சுரப்பி. 19ஆம் நூற்றாண்டில் இதைத் தொடவே அறுவை மருத்துவர்கள் அஞ்சினார்கள். ஒவ்வொரு ரத்தக்குழாயையும் பொறுமையாகக் கட்டிக் கட்டிச் செய்யும் முறையால் அந்த அச்சத்தைப் போக்கிய சுவிட்சர்லாந்தின் தியோடர் கோக்கருக்கு 1909-இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று அது நூறில் ஒன்றாகக் குறைந்திருப்பது பெரும் சாதனைதான். ஆனால் அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே முழு உறுதியோடு சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. கைதேர்ந்தவர் செய்த சிகிச்சையிலும், மயக்கம் தெளியும்போது வரும் இருமலாலோ வாந்தியாலோ ரத்த அழுத்தம் ஏறி, கட்டிய குழாய் ஒன்று நழுவக்கூடும்.

வயிற்றில் இதே அளவு ரத்தம் கசிந்தால் உடல் பல மணி நேரம் தாங்கும். கழுத்தில் அப்படித் தாங்க இடமில்லை. தசை உறைகளுக்குள் சேரும் ரத்தம் முதலில் சிரைகளையும் நிணநீர்க் குழாய்களையும் அழுத்துகிறது. வடிகால் அடைபட்ட வயலில் நீர் தேங்குவதைப் போலக் குரல்வளையின் திசுக்களில் நீர் கோத்துக்கொண்டு, மூச்சுப்பாதை உள்ளிருந்தே குறுகிவிடுகிறது. வெளியே வீக்கம் சிறிதாகத் தெரியும்போதே உள்ளே நிலைமை முற்றியிருக்கலாம், அந்த நேரத்தில் வாய் வழியாக மூச்சுக்குழாய் செருகுவதும் கடினமாகிவிடும். அதற்கு உடனடிச் சிகிச்சை, தையலைப் பிரித்து, தோலையும் தசையையும் விலக்கி, உறைந்த ரத்தத்தை வெளியேற்றுவதுதான். மூச்சுத் திணறல் வந்துவிட்டால் அறுவை அரங்குக்குக் கொண்டுபோகும் வரை காத்திருக்காமல் வார்டில் படுக்கையிலேயே அதைச் செய்ய வேண்டும் என்று பிரிட்டனின் மயக்கவியல், அறுவை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இதற்கான கருவிப் பெட்டி ஒன்று படுக்கையருகே இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

இப்போது நேரக் கணக்கைப் பாருங்கள். இத்தகைய கசிவுகளில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடுகின்றன. மீதியில் பெரும்பகுதி 6 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் இடையில் வருகிறது. ஒரு நாள் கழித்து வருபவையும் சில உண்டு. காலை 10 மணிக்கு அறுவை முடிந்து மாலை 5 மணிக்கு நீங்கள் புறப்பட்டால், முதல் பகுதியைக் கடந்துவிட்டீர்கள். இரண்டாம் பகுதி முழுவதும் தோட்டத்துச் சாளையில், இரவு நேரத்தில் உங்கள் பொறுப்பில் கழிகிறது. கோவைக்குத் திரும்பச் சுமார் இரண்டு மணி நேரம் ஆகும். 108 ஆம்புலன்ஸ் வந்து ஆக்ஸிஜன் கொடுக்கலாம். கழுத்தைத் திறக்க வேண்டிய நிலையில் அது போதாது. அருகிலுள்ள ஊர்களில் நல்ல மருத்துவமனைகள் இருக்கலாம். ஆனால் வேறொருவர் போட்ட தையலை நள்ளிரவில் பிரிக்கத் தெரிந்தவரும் துணிந்தவரும் அங்கே பணியில் இருப்பாரா என்பதை நாம் நம்பிக்கையின் பேரில் விட்டுவிட முடியாது.

ஆகவே, முழுச் சுரப்பியையும் எடுக்கும் உங்கள் மனைவி ஓர் இரவாவது மருத்துவமனையில் தங்க வேண்டும் என்பதே என் கருத்து. கோவையில் உறவினர் வீட்டில் தங்கினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஊருக்குத் திரும்புவதைவிட அது மேல். ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கழுத்தையும் மூச்சையும் எழுந்து பார்ப்பவர் ஒரு செவிலியராக இருப்பதற்கும் உங்கள் சின்னம்மாவாக இருப்பதற்கும் வேறுபாடு உண்டு.

மருத்துவரிடம் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட வேண்டாம். “எங்கள் வீடு தொலைவு, அதனால் இரவு தங்கிக்கொள்கிறோம்” என்று சொன்னால் எந்த மருத்துவரும் மறுக்க மாட்டார். தங்குவதென்று முடிவானபின், இரவில் பணி மருத்துவர் இருப்பாரா, தையல் பிரிக்கும் கருவிகள் வார்டில் இருக்குமா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். இவை இல்லாத இடத்தில் இரவு தங்கிப் பெரிய பயன் இல்லை.

கேள்வி: எனக்கு 31 வயது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தைராய்டில் வலப்பக்கம் மட்டும் ஒரு கட்டி. பாதிச் சுரப்பியை எடுத்தால் போதும் என்கிறார்கள். வேறு நோய் எதுவும் இல்லை. மருத்துவமனை வீட்டிலிருந்து பத்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. எனக்கும் இரவுத் தங்கல் தேவையா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அன்றே வீடு திரும்பலாம் என்று சொல்லத்தக்கவர்களில் நீங்கள் ஒருவர். ஒரு பக்கம் மட்டும் எடுக்கும்போது, ரத்தத்தில் கால்சியம் அளவைக் காக்கும் சிறு சுரப்பிகளான பாராதைராய்டுச் சுரப்பிகள் மறுபக்கத்தில் தொடப்படுவதில்லை. அதனால் கால்சியம் இறங்கும் பிரச்சினை பெரும்பாலும் எழாது. குரல் நாண்களுக்குச் செல்லும் நரம்புகளிலும் ஒன்றுதான் அறுவை நடக்கும் பக்கத்தில் இருக்கிறது. ரத்தக் கசிவு மட்டும் உங்களுக்கும் வரக்கூடியதே. எனவே காலையில் முதல் ஆளாக அறுவை அரங்குக்குச் செல்ல ஏற்பாடு செய்துகொண்டு, முடிந்தபின் குறைந்தது 6 மணி நேரமாவது வார்டில் இருந்து, கட்டு ஈரமாகவில்லை, கழுத்து இறுக்கமாக இல்லை, குரல் தெளிவாக இருக்கிறது, தண்ணீர் புரையேறாமல் இறங்குகிறது, வாந்தி இல்லை என்பவற்றை மருத்துவர் நேரில் பார்த்த பிறகே புறப்படுங்கள். நண்பகலுக்குப் பிறகு அறுவை நடந்தால் அன்று வீடு திரும்பும் எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

அன்றிரவு உங்களோடு ஒருவர் விழித்திருக்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வந்து அயர்ந்து தூங்கும் அறைத்தோழி இதற்கு உதவ மாட்டார். தலையை உயர்த்தி வைத்துப் படுங்கள். கழுத்து இறுகுவது போன்ற உணர்வு, எச்சில் விழுங்க முடியாமை, படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொள்ளத் தோன்றுவது, காரணம் சொல்லத் தெரியாத பதற்றம், மூச்சு வாங்குவது, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்பது ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் தொலைபேசியில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் நேரே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பதற்றத்தை வீட்டில் உள்ளவர்கள் பயம் என்று எண்ணிச் சமாதானப்படுத்திவிடுகிறார்கள். மூச்சுப்பாதை குறுகுவதன் முதல் அடையாளமே சில வேளைகளில் அதுதான்.

கேள்வி: தாளவாடி மலையில் இருக்கிறோம். என் அக்காவுக்கு முழுத் தைராய்டும் எடுக்க ஈரோட்டில் நாள் குறித்திருக்கிறார்கள். மறுநாள் காலை அனுப்பிவிடுவார்களாம். மலைக்கு உடனே வரலாமா?
— ஒரு வாசகர், தாளவாடி

பதில்: ஓர் இரவு என்ற கணக்கு சமவெளியில் இருப்பவர்களுக்குப் பொருந்தும், உங்களுக்குப் போதாது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளும், அங்குள்ள இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும், லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டால் ஆகும் தாமதமும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆம்புலன்சுக்கு வழி விடுவார்கள் என்றாலும் வளைவுகள் குறைவதில்லை. வளைவுகளில் வரும் குமட்டலும் வாந்தியும் புதிய தையல் இருக்கும் கழுத்துக்கு நல்லதும் அன்று. முழுச் சுரப்பியையும் எடுத்தவர்களுக்குக் கால்சியம் மிகவும் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் என்பதால், மருத்துவமனையிலிருந்து வந்தபின் சத்தியமங்கலத்திலோ ஈரோட்டிலோ உறவினர் வீட்டில் இருந்து, ரத்தத்தில் கால்சியம் அளவை மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொண்டு மலையேறுங்கள். அவசரம் என்றால் உங்கள் ஊரிலிருந்து கர்நாடகத்தின் சாம்ராஜ்நகர்ப் பக்கம் இறங்குவது எளிது என்பதால், டிஸ்சார்ஜ் தாளின் நகலை வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். அங்கிருக்கும் மருத்துவர் தமிழ் படிப்பவராக இல்லாமலிருக்கலாம். என்ன அறுவை நடந்தது என்பதை அந்தத் தாள் அவருக்குச் சொல்லிவிடும்.

கேள்வி: கழுத்தில் குழாய் வைத்து அனுப்பினால் ரத்தம் தேங்காது என்கிறார்களே, அப்படியானால் அன்றே வரலாம் அல்லவா?
— ஒரு வாசகர், பல்லடம்

பதில்: குழாய் வைப்பதால் ஆபத்தான ரத்தக் கசிவு குறைவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ரத்தம் உறைந்துவிட்டால் குழாயும் அடைபட்டுவிடும். பாட்டிலில் ஒன்றும் வரவில்லையே என்ற ஆறுதல் அப்போது ஏமாற்றக்கூடியது. பெரிய கழலைகளுக்கும் நிணக்கட்டிகளையும் சேர்த்து அகற்றும்போதும் மருத்துவர்கள் குழாய் வைப்பதுண்டு. அப்படிப்பட்டவர்கள் எப்படியும் அன்றே அனுப்பத் தக்கவர்கள் அல்லர்.

கேள்வி: முழுத் தைராய்டும் எடுத்து, நல்லபடியாக மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் உதடும் விரல் நுனிகளும் மரத்து, எறும்பு ஊர்வது போல் இருந்தது. சாயங்காலம் கை விரல்கள் குவிந்து இழுத்துக்கொண்டன. மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். களியும் பாலும் சாப்பிடுகிறோமே என்று பாதிதான் போட்டேன். மருத்துவமனையில் ஊசி போட்டதும் சரியாகிவிட்டது. அன்றே தெரியாதது மூன்றாம் நாள் வருவானேன்?
— ஒரு வாசகி, தாராபுரம்

பதில்: தைராய்டுக்குப் பின்னால் பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டுச் சுரப்பிகள் உண்டு, ரத்தத்தில் கால்சியம் அளவைக் காப்பது அவற்றின் வேலை. ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய அளவுதான். தைராய்டைப் பிரித்தெடுக்கும்போது அவற்றை விட்டுவைத்தாலும், அவற்றுக்குப் போகும் மெல்லிய ரத்தக்குழாய்கள் பாதிக்கப்பட்டுச் சில நாளோ சில வாரமோ அவை சோர்ந்துவிடுகின்றன. அவை சுரக்கும் ஹார்மோன் சில நிமிடங்களிலேயே குறைந்துவிடும்; ஆனால் ரத்தத்திலுள்ள கால்சியம் மெல்ல மெல்லத்தான் இறங்கும். அதனால்தான் அறுவை முடிந்த மாலையில் பார்த்த கால்சியம் அளவு நன்றாக இருந்தும், மூன்றாம் நாள் கை இழுத்துக்கொள்கிறது. முழுச் சுரப்பியும் எடுத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு இந்தத் தற்காலிகக் குறைவு வரலாம். மாதக்கணக்கில் நீடித்து நிலைத்துவிடுவது நூறில் ஓரிருவருக்கு.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஓர் இரவு தங்கினாலும் இதைப் பிடிக்க முடியாது. வீட்டிலேயேதான் இது வரும். எனவே சீக்கிரம் அனுப்பும் மருத்துவமனைகள் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன: அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் பாராதைராய்டு ஹார்மோனை ரத்தத்தில் அளந்து பார்த்து, குறைவாக இருப்பவர்களுக்கு மருந்தைக் கூட்டுவது, அல்லது எல்லாருக்குமே முதல் ஓரிரு வாரங்களுக்குக் கால்சியமும் வைட்டமின் டி வகை மருந்தும் கொடுத்தனுப்புவது. உங்களுக்கு எழுதிக் கொடுத்தது அந்த இரண்டாவது வழி. அதைப் பாதியாகக் குறைத்தது உடலைச் சோதித்துப் பார்த்ததாகிவிட்டது. ராகிக் களியில் கால்சியம் உண்டென்பது உண்மை. ஆனால் பாராதைராய்டு சோர்ந்திருக்கும்போது உணவிலிருந்து அதை உறிஞ்சும் திறனே குறைந்துவிடுவதால், எவ்வளவு களி உண்டாலும் மாத்திரைக்கு ஈடாகாது. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றிலும், கால்சியத்தை அதற்கு 4 மணி நேரம் கழித்து உணவோடும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது. அறிகுறி மறைந்துவிட்டதென்று நீங்களாகவே நிறுத்த வேண்டாம். எப்போது, எந்த அளவில் குறைப்பது என்பதை ரத்தப் பரிசோதனையே சொல்லும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குக் கழுத்தில் தழும்பு வராமல் வாய் வழியாகவே தைராய்டை எடுத்துவிட்டு அன்றே அனுப்புவதாகச் சொல்கிறார்கள். தழும்பில்லாததால் ஆபத்தும் குறைவுதானே?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: இல்லை, அம்மா. கருவி உள்ளே நுழையும் வழிதான் மாறுகிறது. உள்ளே எடுக்கப்படுவது அதே சுரப்பி, கட்டப்படுவதும் அதே ரத்தக்குழாய்கள். வீடு திரும்பும் நேரத்தைத் தழும்பை வைத்து முடிவு செய்யக் கூடாது. உதட்டுக்கு உட்புறமாகச் சென்று செய்யும்போது, கழுத்தில் வெளியே பிரிக்க ஒரு தையலே இருக்காது. கசிவு ஏற்பட்டால் கழுத்தில் புதிதாக வெட்டித்தான் திறக்க வேண்டும். அதனால் கண்காணிப்பு இன்னும் கூடுதலாகவே வேண்டும் என்பேன். வெப்ப ஊசியால் கட்டியைக் கருக்கிச் சுருங்கச் செய்யும் ரேடியோ அலைச் சிகிச்சை என்ற இன்னொரு முறை உண்டு. புற்றுநோய் அல்ல என்று ஊசிப் பரிசோதனையில் உறுதியான கட்டிகளுக்கு, பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து செய்வது. அன்றே வீட்டுக்கு வருவது அதில் இயல்பு. உங்கள் மகளுக்குச் சொல்லப்பட்டது இவற்றில் எது என்பதை முதலில் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டையும் தழும்பில்லாத சிகிச்சை என்ற ஒரே பெயரால் குறிப்பிட்டுக் குழப்புவதைக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: இன்ஷூரன்ஸ் பணம் கிடைக்க 24 மணி நேரம் தங்க வேண்டும் என்கிறார்களே?
— ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: பொதுவாக மருத்துவக் காப்பீட்டில் 24 மணி நேரத் தங்கல் ஒரு நிபந்தனை, பாலிசியில் பகல்நேரச் சிகிச்சைப் பட்டியலில் சேர்த்தவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உங்கள் பாலிசியில் தைராய்டு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை அறுவைக்கு முன்பே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அன்றே வீடு திரும்பி, பிறகு முழுத் தொகையையும் கையிலிருந்து கட்டியவர்கள் உண்டு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஏழு மாதம் ஆகிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் போட்டுக்கொள்கிறார். தைராய்டுக் கட்டியை எடுக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டால் அன்றே அனுப்பிவிடலாம் என்று ஒருவர் சொன்னார்.
— ஒரு வாசகர், நாமக்கல்

பதில்: அந்த மாத்திரைகளை நீங்களாக ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்துவிட்டால் அது தைராய்டுக் கட்டியைவிடப் பெரிய ஆபத்து. அறுவைக்கு முன் குளோபிடோக்ரலைச் சுமார் 5 முதல் 7 நாள் நிறுத்துவது வழக்கம்தான், ஆனால் அதை இப்போது செய்யலாமா என்பதை ஸ்டென்ட் வைத்த இதய மருத்துவரே சொல்ல வேண்டும். தைராய்டுக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை சில மாதம் காத்திருக்கக் கூடியவை. மூச்சுக்குழாயை அழுத்தவில்லை, ஊசிப் பரிசோதனையிலும் ஐயமில்லை என்றால், இரண்டு மருத்துவரும் பேசி ஒரு வருடம் நிறைந்த பிறகு நாள் குறிப்பதே நல்லது. எப்போது செய்தாலும், இந்த வயதும் இந்த மருந்துகளும் உள்ள ஒருவரை அன்று மாலையே அனுப்ப எந்த மருத்துவமனை முன்வந்தாலும் நீங்கள் சம்மதிக்க வேண்டாம். மாத்திரையை மறுபடி எந்த நாளில் தொடங்குவது என்பதையும் டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; தொடங்கிய பிறகும் சில நாட்களுக்குக் கழுத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.